மண்ணுக்குள் போன கோட்டு

கோசிமோ மேஸ்திரி தன் வாழ்நாளில் மனிதர்களோடு பேசியதைவிடச் சீலிங்குகளோடு பேசியதுதான் அதிகம். மாண்ட்ரியலின் வடக்குப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குச் சீலிங் பூசியது அவர் கை. இருபது வருடம் அண்ணாந்து நின்றே வேலை பார்த்ததில் கழுத்து அப்படியே பழகிப்போயிற்று. எதிரே யாராவது வந்து நின்றால், அதுவும் பெண்ணாக இருந்துவிட்டால், அவர் கண் தானாக மேலே ஏறி, எங்கேயாவது விரிசல் தெரிகிறதா என்று தேட ஆரம்பித்துவிடும். தேவாலயத்தில் அவரைப் பார்த்த புதுப் பாதிரியார், இவ்வளவு பக்தியா என்று அசந்துபோனாராம். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தது பீடத்துக்கு மேலே யாரோ அரைகுறையாக அடைத்த ஒரு ஓட்டையை.

கடலுக்கு அப்பால் கலாப்ரியா என்ற சீமையில் ஒரு மலை ஊரிலிருந்து முப்பது வயதில் கப்பல் ஏறியவர். ஊரில் மூன்று தங்கைகள். மூவரையும் ஒருத்தர் பின் ஒருத்தராகக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு நாற்பத்தைந்து. நிமிர்ந்தவர் கண்ணுக்குத் தெரிந்ததும் சீலிங்தான்.

வாடகை வீடு, மூன்றாவது மாடி. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ஜீவன்: ஓர் அத்தி மரம். ஆலிவ் பீப்பாயைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, அதில் வைத்து வளர்த்தார். மே மாதத்திலிருந்து பால்கனியில் இருக்கும். அக்டோபரில் இலை உதிர்ந்ததும் தொட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வெளியே வளைந்து வளைந்து இறங்கும் இரும்புப் படியில் ஒவ்வொரு படியாக இறக்கி, நிலவறையில் வெந்நீர்க் கொதிகலனுக்கு எட்டத்தில் வைப்பார். வசந்தம் வந்தால் மறுபடி மூன்று மாடி ஏற்றம். இத்தனைக்கும் மரம் வருடத்துக்குக் கொடுத்தது நாலு பழம், தாராளமான வருடத்தில் ஐந்து. "பொண்டாட்டிய இப்படித் தூக்கிச் சுமந்திருந்தா ஊரே கோயில் கட்டியிருக்கும்" என்பார் மிக்கு.

மிக்கு அவருடைய ஊர்க்காரர், சம வயது, வாயை மூடத் தெரியாத மனிதர். அவருக்குச் சொந்த வீடும், வீட்டுக்குப் பின்னால் தோட்டமும், தோட்டத்தில் மண்ணில் வேர்விட்ட ஓர் அத்தி மரமும் உண்டு. வீடு மிக்குவுடையது. மரம் அவர் தங்கை சவேரியாவுடையது. பதினாறு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் கப்பலை விட்டு இறங்கியபோது, கொளுத்தும் வெயிலில் கறுப்புக் குடை ஒன்றை விரிக்காமல் இறுக்கிப் பிடித்தபடி அதிகாரிகள் முன்னால் நின்றாள். குடைக் கம்பிகளோடு கம்பியாக உள்ளே இருந்தது ஒரு முழ நீள அத்திக் குச்சி. இப்போது அது மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

சவேரியாவுக்கு நாற்பத்தாறு. கோட்டுத் தொழிற்சாலையில் கோட்டுகளுக்கு உள்பக்கத் துணி தைப்பவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலால் மறுபடி யாரும் கேட்கவில்லை. அவள் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும், அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் மேஸ்திரி ஞாயிறுதோறும் மிக்கு வீட்டுச் சமையலறை சீலிங்கை ஆராய்ச்சி செய்ய வந்துகொண்டிருந்தார். பதினோரு வருடமாக. அதில் ஒரு விரிசலும் கிடையாது, பூசியதே அவர்தான்.

எழுபத்து நாலாம் வருடம் அக்டோபரில், தொட்டியை இறக்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தொட்டியும் அவருமாக ஒரு மணி நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்தபோது மனிதர் ஒரு முடிவோடு எழுந்தார். சவேரியாவுக்குக் கடிதம் எழுதுவது.

ஒன்பது தடவை எழுதினார், சிமெண்டுப் பையைக் கிழித்த தாளில். முதல் கடிதம் ஏழு பக்கம் ஓடியது. அதில் நாலு பக்கம் தங்கைகளைப் பற்றி, இரண்டு பக்கம் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்பதைப் பற்றி. ஒன்பதாவதைத்தான் கடையில் வாங்கிய நல்ல தாளில் எழுதினார்:

"சவேரியா அவர்களுக்கு. எனக்கு ஐம்பத்தொரு வயது. பற்கள் எல்லாம் என்னுடையவை. குடிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் உங்கள் அண்ணன் ஊற்றினால். என் மரம் தொட்டியில் இருக்கிறது. நானும் அப்படித்தான் இருக்கிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஞாயிறு பூசைக்கு உங்கள் பச்சைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானும் வாயைத் திறந்து கேட்க மாட்டேன். இது என் தாய்மேல் ஆணை. கோசிமோ."

கடைசி வரிகளை எந்தப் பிசாசு எழுத வைத்ததோ தெரியவில்லை. ஆணை போடத் தெரிந்தவனுக்கு அதை எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள் ஞாயிறு. மிக்கு வீட்டில் புது ஒயின் பீப்பாயைத் திறந்தார்கள். எல்லோரும் நிலவறையில் இருந்த நேரம் பார்த்து மேஸ்திரி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனார். ஆணியில் சவேரியாவின் கறுப்புக் கோட்டு தொங்கியது. பத்து வருடமாக அவளைத் தூரத்தில் அடையாளம் காட்டிய கோட்டு, தூக்கத்தில் தொட்டாலும் தெரியும். கடிதத்தை உள்பைக்குள் செருகிவிட்டு, பேயைக் கண்டவர் போல இறங்கி ஓடி, யாரும் ஊற்றாமலே மூன்று கோப்பை குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை மரத்தைப் புதைக்கிற நாள். எங்கள் தெருவில் அது பாதித் திருவிழா, பாதி அடக்கச் சடங்கு. கிளைகளைக் கட்டி, ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் அறுத்து, மறுபக்கம் ஆள் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, மரத்தை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்து, பலகை, தார்ப்பாய், அதற்குமேல் மண். இங்கே அடிக்கிற குளிரில் அத்தி பிழைக்க அதுதான் வழி. மரத்துக்குத் துணி சுற்றுவது மட்டும் சவேரியாவின் வேலை. ஆண்கள் வருமுன்பே பழைய போர்வை, பழைய கம்பளம் என்று சுற்றிக் கயிறு போட்டு முடித்துவிடுவாள். அன்று மேஸ்திரி போல உழைத்தவர் யாருமில்லை. "இன்னும் மண்ணு போடு! இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி!" என்று கத்திக்கொண்டு மேட்டின்மேல் ஏறி நின்று மிதித்தார். சவேரியா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நம் உழைப்பை ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக மிதித்தார்.

மறுநாள் பூசைக்கு அவள் பழுப்புத் தலைத்துணியில் வந்தாள். மேஸ்திரி அவள் தலையை மட்டுமே பார்த்தார், அதற்குக் கீழே என்ன உடுத்தியிருந்தாள் என்பது அவர் கண்ணில் படவே இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் பழுப்பு. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குச் சாம்பல் நிறம். போகட்டும், பதில் வந்துவிட்டது, ஆணை ஆணைதான் என்று மேஸ்திரி உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நிலவறைக்குப் போய்த் தொட்டி மரத்திடம் விஷயத்தைச் சொன்னார். அதற்கும் இலை இல்லாத காலம்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பூசை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. பச்சைத் தலைத்துணி உள்ளே வந்தது. மேஸ்திரி இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அப்புறம் துணிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தார். மிக்குவின் மனைவி அசுந்தா! அவள் இவரைப் பார்த்து அன்பாகத் தலையை வேறு ஆட்டினாள்.

மேஸ்திரி கடைசி ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாகப் பனியில் பாய்ந்தார். கடிதம் கைமாறிவிட்டது! நாலு பிள்ளை பெற்றவள், நண்பன் பெண்டாட்டி, சம்மதம் சொல்லிவிட்டாள்! மூன்று நாள் தூக்கமில்லை. நாலாம் நாள் கதவு தட்டும் சத்தம். மிக்கு நின்றிருந்தார், கையில் ஏதோ நீளமாக. மேஸ்திரி பால்கனிப் பக்கம் பார்த்தார். மூன்றாவது மாடி. குதித்தால் பனிக்குவியல் தாங்குமா என்று யோசிப்பதற்குள் மிக்கு உள்ளே வந்து, அந்த நீளமான பொருளை மேசையில் வைத்தார். காய்ந்த சாசேஜ்.

"ஏன்டா மேஸ்திரி, பூசைய முடிக்காம ஓடினே? அசுந்தா உனக்கு வயித்துப்போக்குன்னு முடிவு கட்டி இதைக் குடுத்தனுப்பினா."

"வயித்துப்போக்குக்குச் சாசேஜா?"

"அவ வைத்தியம் எல்லாமே சாசேஜ்தான். உனக்கு என்னடா ஆச்சு, செத்தவன் மாதிரி இருக்கே?"

மேஸ்திரி சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அந்தப் பச்சைத் துணி... அது உன் தங்கச்சியோடது இல்ல?"

"ஆமா, அசுந்தா கேட்டு வாங்கிக்கிட்டா. சவேரியா நீலத்துல புதுக் கோட்டு எடுத்திருக்கா பாரு, நீலத்துக்குப் பச்சை எடுபடாதாம். பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கெதுக்கு?"

"புதுக் கோட்டா? அப்ப அந்தக் கறுப்பு?"

"அதை மரத்துக்குச் சுத்தியாச்சே. நீதானேடா மேல ஏறி நின்னு காட்டெருமை மாதிரி மிதிச்சே!"

மேஸ்திரி மிக்குவைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். சாசேஜுக்கும் ஒன்று. மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை! கடிதம் இரண்டடி மண்ணுக்கும் நாலடிப் பனிக்கும் கீழே, படிக்கப்படாமல், சம்மதமாகவும் இல்லாமல் மறுப்பாகவும் இல்லாமல் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது!

நேரே போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வாயால் சொல்லத் தெரிந்தவன் எதற்கு ஒன்பது தடவை எழுதுகிறான்? மேலும் தாய்மேல் ஆணை இருக்கிறது. மரத்தை எழுப்புகிற நாளில் அவள் கோட்டை எடுப்பாள், பையில் கை விடுவாள், படிப்பாள். அவ்வளவுதான். ஒரே பயம், அவளுக்கு முன்னால் மிக்கு கை விட்டுவிடக் கூடாது. மிக்கு கைக்குப் போனது மறுநாள் தெருவுக்குப் போய்விடும்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மேஸ்திரி நேராகத் தோட்டத்துக்குப் போவார். மேட்டின்மேல் விழுந்த பனியைக் கையால் தட்டிச் சமன் செய்வார், பூனை ஏறினால் விரட்டுவார். ஒருநாள் தொப்பியைக் கழற்றிவிட்டு அதனிடம் ஏதோ முணுமுணுத்ததை அசுந்தா பார்த்துவிட்டாள். "மேஸ்திரிக்கு மரத்து மேல கண்ணு. பொண்ணு கேட்டு வந்துடப் போறாரு, பாத்துக்க" என்று நாத்தனாரைச் சீண்டினாள். பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

மார்ச்சில் சூசையப்பர் திருநாளை ஒட்டி ஒரு வாரம் வெயில் அடித்தது, பாருங்கள், அப்படி ஒரு வெயில். சாக்கடைகள் பாடின. கிழவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். மூலைக்கடை நாவிதர் கயெத்தானோ தன் அத்தி மரத்தை எழுப்பியே விட்டார். எழுப்பியதோடு சும்மா இருந்தாரா? சனிக்கிழமை மிக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். மேட்டைப் பார்க்க மேஸ்திரியும் அன்று வந்திருந்தார்.

"என் மரம் எழுந்து நின்னு தெருவைப் பாத்துக்கிட்டிருக்கு. நீங்க இன்னும் பொணத்தை வெச்சுக் காவல் காக்கறீங்களா? ஜூலையில முதல் பழம் எங்க வீட்டுல. வேணும்னா வந்து மோந்து பாத்துட்டுப் போங்க."

மிக்குவுக்கு இது போதும். "எடுடா மண்வெட்டிய!" என்றார்.

மேஸ்திரி துள்ளி எழுந்தார். இன்றைக்கே! இன்னும் அரை மணி நேரத்தில்! மண்வெட்டியை மிக்கு கையிலிருந்து பிடுங்கி முதல் வெட்டு வெட்டியவரே அவர்தான். சேறு பொத்தென்று புரண்டது. இரண்டாவது வெட்டும் இறங்கியது. மூன்றாவது வெட்டில் "ணங்" என்று ஒரு சத்தம்.

குனிந்து கையை விட்டுப் பார்த்தார். மேலே ஒரு சாண் சேறு, கீழே கல்லாக உறைந்த மண். இந்த வெயில் மேற்பூச்சு. உள்ளே ஈரம் காயாத சுவருக்கு வெள்ளையடித்தால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இப்போது எழுப்பினால் அடுத்த குளிரில் மொட்டு கருகும், மரம் போகும். சவேரியா குடைக்குள் வைத்துக்கொண்டு வந்த மரம்.

கடிதம் இரண்டடிக்குக் கீழே இருந்தது. மேஸ்திரி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்கு அழுகை வந்தது. வந்ததைச் சொல்வதில் என்ன வெட்கம், வந்தது. பிறகு வெட்டிய மண்ணை மறுபடி பள்ளத்தில் தள்ளினார்.

"இன்னிக்கு வேணாம். ஏப்ரல் கடைசி வரைக்கும் தொடக்கூடாது."

"என்னடா சொல்றே? இப்பத்தானே பசிச்ச நாய் மாதிரி தோண்டினே!"

"தோண்டினேன். தப்பு. அடியில இன்னும் பனிக்கட்டி."

கயெத்தானோ கைதட்டிச் சிரித்தார். "பூச்சு வேலைக்காரனுக்கு மரத்தைப் பத்தி என்னய்யா தெரியும்? தொட்டியில நாலு பழம் பாத்தவர்!"

மிக்கு மண்வெட்டிக்குக் கை நீட்டினார். மேஸ்திரி மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார், சேற்றில், நல்ல கால்சட்டையோடு. "முதல்ல என்னை இங்கயே புதைச்சுட்டு அப்புறம் மரத்தை எடுங்க."

சமையலறைக் கதவு திறந்தது. சவேரியா கையைத் துடைத்துக்கொண்டே படியில் வந்து நின்று, அவரை நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். மேலே பார்க்கலாம் என்றால் அங்கே சீலிங் இல்லை, வானம்தான் இருந்தது. மேஸ்திரி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்.

"மரம் என்னோடது" என்றாள் சவேரியா. "மேஸ்திரி சொன்னா சரி. அண்ணா, மண்வெட்டிய உள்ள வை. கயெத்தானோ, உங்க கடையில யாரோ அரைத் தாடியோட காத்திருக்காங்களாம், போங்க."

பெரிய வெள்ளிக்கு முன்னால் குளிர் திரும்பி வந்தது, மறந்துவிட்டுப்போன எதையோ எடுக்க வந்தது போல. மூன்று ராத்திரி. நாலாம் நாள் கயெத்தானோவின் மரம் நுனியிலிருந்து அடிவரை கறுத்துத் தொங்கியது. கடைக்குப் போனவர்கள் மரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கையில் சவரக்கத்தி வைத்திருப்பவரிடம் எதற்கு வம்பு?

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. மேஸ்திரி ஆறு மணிக்கே வந்துவிட்டார், சவரம் செய்து, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு. "மரத்தை எழுப்பவா, ஞானஸ்நானம் குடுக்கவா?" என்று கேட்டாள் அசுந்தா. கேட்டுவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். மண் எடுத்தார்கள், பலகை எடுத்தார்கள், கயிறு போட்டு மெல்ல மெல்ல நிமிர்த்தினார்கள். மரம் எழுந்து நின்றது, சோம்பல் முறிக்காத குறை. மிக்கு நிலவறைக்கு ஒயின் எடுக்க ஓடினார். சவேரியா கயிற்றை அறுத்து, கம்பளத்தைப் பிரித்து, போர்வையைப் பிரித்தாள். கடைசியில் அந்தக் கறுப்புக் கோட்டு, இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை. அவரே உள்பைக்குள் கை விட்டார். வெளியே வந்தது ஒரு பிடி கூழ். நீலமாக, மண் வாசனையோடு, விரலிடுக்கில் வழிந்தது. ஒன்பது தடவை எழுதியது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன எழுதியிருந்தீங்க?" என்று கேட்டாள் சவேரியா, மெதுவாக.

மேஸ்திரியின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

"பையைத் தடவிப் பாக்காம யாராவது கோட்டைப் புதைப்பாங்களா? சுத்தறதுக்கு முன்னாடியே எடுத்துப் பாத்தேன். தாள் மேல சுண்ணாம்புக் கட்டைவிரல். நம்ம தெருவுல வேற யாருக்கு அப்படி ஒரு விரல்?"

"அப்ப... படிச்சீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது மேஸ்திரி." அவள் கோட்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஊர்ல ஒருத்தன் இருந்தான். அர்ஜென்டினா போய் எழுதினான். தபால்காரன்தான் படிச்சுக் காட்டுவான். அவன் அங்க வேற ஒருத்தியக் கட்டிக்கிட்ட சேதி எனக்கு முன்னாடி ரொட்டிக் கடைக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே எனக்கு வர்ற சொல்லை இன்னொரு வாய் சொல்லக் கூடாதுன்னு. வீட்டுல நம்ம ஊர் எழுத்து படிக்கத் தெரிஞ்சது அண்ணன் ஒருத்தர்தான். அவர் வாய்தான் உங்களுக்கே தெரியுமே. அதான், என் மரத்தோட வெச்சுப் பத்திரமாப் புதைச்சேன். எழுதினவரே வந்து கேப்பாருன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா மேல ஏறி மிதிக்கறீங்க!"

"நான் கேக்க மாட்டேன்னு ஆணை போட்டு எழுதியிருந்தேனே!"

"அதை யாரு படிச்சா?"

படிக்காத ஆணை ஆணையா? இல்லவே இல்லை. மேஸ்திரியின் தாய்கூட மேலே இருந்து இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

"சொல்லுங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

பிப்ரவரி முழுக்க மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்த கடிதம். ஒரு வரி நினைவில் இல்லை. வயது போயிற்று, பல் போயிற்று, ஞாயிற்றுக்கிழமை ஒயின் போயிற்று. அவர் மேலே பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தார். பழுப்புக் கண்கள். இத்தனை நாள் கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"என் மரம் தொட்டியில இருக்கு" என்றார். "நானும் அப்படித்தான்."

சவேரியா மரத்தின் ஒரு கிளையைப் பிடித்து நகத்தால் லேசாகக் கீறினாள். தோலுக்குக் கீழே பச்சை.

"அவ்வளவுதானா எழுதினீங்க?"

"இல்ல... சம்மதம்னா பச்சைத் தலைத்துணி கட்டிக்கிட்டுப் பூசைக்கு வரச் சொல்லி..."

அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். "அசுந்தா! ஏய் அசுந்தா! என் பச்சைத் துணிய எடுத்துட்டு வா!"

"இப்ப எதுக்கு? அது நீலத்துக்கு எடுபடாதுன்னு நீதானே..."

"கொண்டு வாடி முதல்ல!"

சேற்றுக் கையாலேயே அதைத் தலையில் கட்டி முடிச்சுப் போட்டாள். சனிக்கிழமை காலை, பூசை இல்லை, மணி இல்லை. ஒயினோடு மேலே வந்த மிக்கு தங்கையைப் பார்த்தார், கழுத்துப்பட்டை கட்டிய நண்பனைப் பார்த்தார், அவர் கையில் இருந்த நீலக் கூழைப் பார்த்தார். பேச வாய் திறந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

"அண்ணா, வாயை மூடிக்கிட்டு அந்த மதிலோரம் ஒரு குழி வெட்டு" என்றாள் சவேரியா. பிறகு மேஸ்திரியிடம், "அந்தத் தொட்டிய எப்ப இறக்கப் போறீங்க?" என்றாள்.

"அது... இப்ப நிலவறையிலதான் இருக்கு. அடுத்த வாரம் மேல ஏத்தணும்."

"ஏத்த வேணாம். மூணு மாடி ஏறினது போதும். இங்க கொண்டு வந்து மண்ணுல வைங்க."

மேஸ்திரி ஓடினார். ஐம்பத்தொரு வயது, பிடித்துக்கொண்ட இடுப்பு, கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறக்க ஓடினார். அரை மணி நேரத்தில் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. தொட்டியை வயிற்றோடு அணைத்து, கிளைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிய, வழி தெரியாமல் வலமும் இடமுமாக அவர் வந்துகொண்டிருந்தார். கயெத்தானோ அரைத் தாடியோடு ஓர் ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு வெளியே வந்தார். எதிரே வந்த மிக்குவுக்கு அதற்குள் வாய் திரும்பிவிட்டிருந்தது. தெருவே கேட்கும்படி கத்தினார்:

"மாப்ளே, பாத்து வாங்க! அந்தப் பக்கம் நான் பிடிக்கறேன்!"